யூரோவில் செய்த செலவுகள்: ராணிப்பேட்டையில் ஒரு சிறு கம்பெனியின் வருமான வரி ரிட்டர்ன் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

ராணிப்பேட்டைக்கும் மேல்விஷாரத்துக்கும் இடையில் இயங்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியைப் பற்றியது இது. அண்ணன், தம்பி இருவர் இயக்குநர்கள். பங்குகள் முழுவதும் குடும்பத்துக்குள்தான். டேனரிகளிலிருந்து பதனிட்ட தோலை வாங்கி, பணப்பை, இடுப்பு வார், கைப்பை தைத்து இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் அனுப்புகிறார்கள். ஆண்டு விற்பனை ஏறக்குறைய 12 கோடி ரூபாய். கணக்குகளை ஓர் அம்மையார் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறார். கூலி, தோல் கொள்முதல், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எதிலும் அவர் எழுதியதில் ஒரு ரூபாய் பிசகு கண்டுபிடிக்க முடியாது.

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எங்கே போனாலும் இப்படிப்பட்ட கம்பெனிகளைப் பார்க்கலாம். பெரிய ஷூ கம்பெனிகளுக்கு வரி விவகாரங்களைப் பார்க்கத் தனி ஆட்கள் உண்டு. சிறியவர்களுக்கு ஒரு கணக்கரும், ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் ஆடிட்டரும்தான். சரக்கு அனுப்புவதில் இவர்களுக்கு இருக்கும் தேர்ச்சி பெரியது. ஆனால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது என்ன சட்டம் வேலை செய்கிறது என்று இவர்களுக்கு யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. இந்த நிகழ்வை எழுத அதுவே காரணம். இயக்குநர்களின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கத் தொகைகளையும் மாற்று விகிதங்களையும் முழு எண்களுக்கு நெருக்கமாக மாற்றியிருக்கிறேன்.

அவர்களுடைய முந்தைய ஆடிட்டர் வயது காரணமாக ஓய்வு பெற்றதால், 2024 ஆகஸ்டில் வேலூரில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். முடிக்க வேண்டியது 2023-24 நிதியாண்டின் கணக்கு, அதாவது 2024-25 மதிப்பீட்டு ஆண்டு. பிரிவு 115பிஏஏ-இன்படி 22 சதவீத வரியை ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருந்த கம்பெனி. 10 சதவீத சர்சார்ஜும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் 25.168 சதவீதம் வரும். கீழே நான் குறிப்பிடும் வருமான வரிப் பிரிவு, விதி, ஃபாரம் எண்கள் எல்லாம் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் காலத்தவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்து எண்கள் மாறிவிட்டன. இங்கே பேசும் 2023-24 கணக்குக்குப் பழைய எண்களே பொருந்தும்.

என்ன கேட்டு வந்தார்கள்

தம்பி கொண்டுவந்த கேள்வி ஒன்றுதான். “யூரோவில் கொடுத்த செலவை எந்த ரேட்டில் ரூபாயாக மாற்றுவது, சார்? பில் தேதி ரேட்டா, பணம் போன தேதி ரேட்டா, மார்ச் 31 ரேட்டா?”

இது நல்ல கேள்விதான். பதிலும் சிக்கலானது அல்ல. கணக்குப் புத்தகத்தில், செலவு ஏற்பட்ட நாளின் விகிதம். கொடுக்க வேண்டிய பாக்கி மார்ச் 31இல் நிலுவையாக இருந்தால் அன்றைய விகிதத்தில் மறுமதிப்பீடு செய்து, வித்தியாசத்தை லாப நஷ்டக் கணக்கில் காட்ட வேண்டும். கணக்கியல் தரம் 11 இதைச் சொல்கிறது. வரிச் சட்டத்தின் பிரிவு 43ஏஏ-உம் வருமானக் கணக்கீட்டுத் தரம் 6-உம் அன்றாட வியாபாரப் பாக்கிகளைப் பொறுத்தவரை இதே வழியில்தான் போகின்றன. டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி) பிடிப்பதற்கு மட்டும் விதி 26 தனியாக ஒரு விகிதத்தைச் சொல்கிறது. வரி பிடிக்க வேண்டிய நாளில் பாரத ஸ்டேட் வங்கி வைத்திருக்கும் டிடி (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்) பையிங் ரேட், அதாவது வெளிநாட்டுப் பணத்தை வங்கி வாங்கும் விகிதம், அது.

இந்த விகிதங்களுக்கு இடையிலான வித்தியாசம் இந்தக் கம்பெனிக்கு ஆண்டு முழுவதும் சேர்த்தே சில ஆயிரம் ரூபாய்தான். ஆனால் பைலைத் திறந்து பில்களைப் படித்தபோது, லட்சக் கணக்கில் பாதிக்கக்கூடிய கேள்வியை யாருமே கேட்கவில்லை என்று தெரிந்தது. இந்தப் பணம் எதற்காக, யாருக்கு, எந்த நாட்டில் செய்த வேலைக்குப் போயிற்று? அந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் விகிதத்தைப் போட்டுப் பயனில்லை.

பைலில் கண்டது

‘வெளிநாட்டுச் செலவு’ என்ற ஒரே தலைப்பில் எல்லாம் சேர்ந்து கிடந்தது. இத்தாலிய ஏஜென்டுக்குக் கமிஷன், மிலான் நகரில் நடக்கும் லினியாபெல்லே தோல் கண்காட்சியில் அரங்கு வாடகை, ஜெர்மனியில் உள்ள ஒரு வடிவமைப்பு நிறுவனத்துக்குக் கொடுத்த கட்டணம், இயக்குநர்களின் பயணம், மாதச் சந்தாவுக்கு வாங்கிய வடிவமைப்பு மென்பொருள். வங்கிக் கணக்கில் கழிந்த தொகையை, வங்கிக் கட்டணத்தையும் அதன் ஜிஎஸ்டியையும் சேர்த்து, அப்படியே செலவாக எழுதியிருந்தார்கள். பணம் போன நாள்தான் செலவான நாள். மார்ச் 31இல் எந்தப் பாக்கியும் காட்டப்படவில்லை.

வங்கி வழியாகப் பணம் அனுப்பும்போது கொடுக்க வேண்டிய ஃபாரம் 15சிஏ ஒவ்வொன்றுக்கும் இருந்தது. ஆனால் எல்லாமே ‘டி’ பகுதி. இந்தியாவில் வரிக்கு உட்படாத தொகை என்று அறிவிக்கும் பகுதி அது. பணம் அனுப்பும் அவசரத்தில் வெளியே ஒருவரிடம் ஃபாரம் நிரப்பி வாங்குவது வழக்கமாம். வங்கி கேட்ட தாளைக் கொடுத்தோம், பணம் போய்விட்டது, ஆகவே சரியாகத்தான் இருக்கும் என்பது கம்பெனியின் நம்பிக்கை. இந்த நம்பிக்கையை நான் வேறு பல கம்பெனிகளிலும் பார்க்கிறேன். 15சிஏ என்பது பணம் அனுப்புபவரே கையெழுத்திட்டுத் தரும் அறிவிப்பு. அதில் எழுதியிருப்பது சரிதான் என்று வங்கி உத்தரவாதம் தருவதில்லை. வரி பிடிக்கும் பொறுப்பும் வங்கிக்குப் போவதில்லை.

ஜெர்மன் வடிவமைப்புக் கட்டணம்

இந்த நிகழ்வின் முதன்மையான பிரச்சினை இங்கேதான் இருந்தது. 2023 ஆகஸ்டில் 6,000 யூரோ. வங்கி 90.50 விகிதத்தில் கழித்தது 5,43,000 ரூபாய். பதினைந்து கைப்பை வடிவங்கள், அவற்றுக்கான வெட்டு மாதிரிகள், வண்ணப் பரிந்துரை ஆகியவற்றுக்கான கட்டணம். வேலை முழுவதும் ஜெர்மனியில் நடந்தது. யாரும் இங்கே வரவில்லை.

“வேலை அங்கேதானே நடந்தது? அவர்கள் அங்கே வரி கட்டுவார்கள். நமக்கு என்ன?” என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் தோன்றும். ஆனால் தொழில்நுட்பச் சேவைக் கட்டணத்துக்கும் உரிமத் தொகைக்கும் (ராயல்டி) பிரிவு 9 வேறு அளவுகோல் வைத்திருக்கிறது. சேவை இந்தியாவில் உள்ள தொழிலுக்குப் பயன்பட்டால், அதை எங்கே உட்கார்ந்து செய்தாலும், அந்தக் கட்டணம் இந்தியாவில் ஈட்டியதாகவே கருதப்படும். அப்படியானால் பிரிவு 195-இன்படி பணம் கொடுக்கும் கம்பெனிதான் வரி பிடித்துக் கட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் பிரிவு 40(ஏ)(ஐ) அந்தச் செலவை முழுவதும் மறுக்கிறது. உள்நாட்டவருக்குக் கொடுத்ததில் டிடிஎஸ் விட்டுப்போனால் 30 சதவீதம்தான் மறுக்கப்படும். வெளிநாட்டவர் என்றால் 100 சதவீதம்.

இந்தியா - ஜெர்மனி இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தில் இரண்டு வகைக் கட்டணத்துக்கும் 10 சதவீதம்தான் உச்சம். வடிவமைப்பு என்பது சேவையா உரிமமா என்று வாதாட அவசியமே எழவில்லை. உள்நாட்டுச் சட்டத்தின் விகிதம் 2023-24 முதல் 20 சதவீதமாக உயர்ந்திருந்தது, செஸ் தனி. குறைந்த விகிதத்தைக் கேட்க ஜெர்மன் நிறுவனத்தின் வரி வசிப்பிடச் சான்றிதழும், அந்த நிறுவனம் தன் வரி விவரங்களை அறிவித்து மின்னணு முறையில் தாக்கல் செய்த ஃபாரம் 10எஃப்-உம் தேவை. அவர்களிடம் இந்திய பான் எண் இல்லை. பெயர், முகவரி, தொடர்பு விவரம், வசிப்பிடச் சான்றிதழ், அந்த நாட்டு வரி எண் ஆகியவை கிடைத்தால் பான் இல்லாததற்கான கூடுதல் விகிதத்தைத் தவிர்க்க விதி 37பிசி வழி தருகிறது.

ஒப்பந்தத்தைக் கேட்டேன். தனியாக ஒப்பந்தம் இல்லை. மின்னஞ்சலில் ஒப்புக்கொண்ட நிபந்தனைகள் இருந்தன. அவற்றில் ஒரு வாசகம்: எல்லா வரிகளும் நீங்கலாக 6,000 யூரோ எங்கள் கணக்குக்கு வந்து சேர வேண்டும். அந்த வாசகத்தின் விலை என்னவென்று ஒப்புக்கொண்ட நாளில் தம்பிக்குத் தெரிந்திருக்கவில்லை. வரியைக் கம்பெனியே ஏற்க வேண்டும் என்றால், பிரிவு 195ஏ-இன்படி தொகையை உயர்த்திக் கணக்கிட வேண்டும். 10 சதவீதம் போக 6,000 நிற்க வேண்டுமானால் மொத்தம் 6,666.67 யூரோ. அன்றைய டிடி பையிங் ரேட் 90 ரூபாயில் அது ஆறு லட்சம், வரி 60,000. வசிப்பிடச் சான்றிதழ் கிடைக்காமல் 20.8 சதவீதம் கட்ட நேர்ந்தால் மொத்தம் 7,575.76 யூரோ, வரி ஏறக்குறைய 1,41,800 ரூபாய். ஒரே ஒரு சான்றிதழ் எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல் பெறும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

தம்பி அன்றே ஜெர்மனிக்கு எழுதினார். அவர்கள் மறுக்கவில்லை. 2023ஆம் ஆண்டுக்கான சான்றிதழை அவர்கள் ஊர் வரி அலுவலகத்தில் வாங்கி அனுப்பச் சில வாரங்கள் ஆயின. ஃபாரம் 10எஃப்-ஐ இணையத்தில் தாக்கல் செய்யும் முறையை நாங்கள் படிப்படியாக எழுதி அனுப்பினோம். செப்டம்பர் நடுவில் இரண்டும் கைக்கு வந்தன. அந்த மாதமே 60,000 ரூபாய் வரியும், பிரிவு 201(1ஏ)-இன்படி மாதம் ஒரு சதவீதமாக 14 மாதத்துக்கு 8,400 ரூபாய் வட்டியும் கட்டப்பட்டன. வட்டியைச் செலவாகக் கழிக்க முடியாது. சென்னை உயர் நீதிமன்றம் பல ஆண்டுகளுக்கு முன்பே அதைத் தீர்த்துவைத்திருக்கிறது.

எந்த ஆண்டில் கழிப்பது

வரி கட்டியாயிற்று. இனி 5,43,000 ரூபாயும், கம்பெனி ஏற்ற 60,000 ரூபாயும் எந்த ஆண்டின் செலவு? இதில்தான் அண்ணன் தம்பி இருவருக்குள் கருத்து வேறுபட்டது.

ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் வரி கட்டப்பட்டுவிட்டதால் இந்த ஆண்டிலேயே கழிக்கலாம் என்று பிரிவு 40(ஏ)(ஐ)-இன் முதல் பகுதியை வைத்து வாதிட இடம் உண்டு. ஆனால் அதன் கீழுள்ள நிபந்தனை, பின்வரும் ஆண்டில் வரி பிடிக்கப்பட்டிருந்தால் வரி கட்டிய ஆண்டில்தான் கழிக்கலாம் என்கிறது. இங்கே வரி பிடித்தது 2024 செப்டம்பரில், அதாவது அடுத்த நிதியாண்டில். தம்பி முதல் வாசிப்பின்பக்கம் நின்றார்.

அண்ணனுக்கு நாங்கள் கணக்குப் போட்டுக் காட்டினோம். 6,03,000 ரூபாயை இந்த ஆண்டு விட்டுக்கொடுத்தால் கூடுதல் வரி சுமார் 1,52,000. அடுத்த ஆண்டில் கழித்தால் அதே வரி மிச்சமாகும். ஓர் ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்று வைத்தாலும் இழப்பு 15,000 ரூபாய் அளவுதான். அட்வான்ஸ் வரி குறைவுக்கான வட்டி கொஞ்சம் சேரும். வம்படியாக இந்த ஆண்டே கழித்து, மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டுக்குப் போனால் ஆகும் செலவு அதைவிட அதிகம். வங்கியில் பேக்கிங் கிரெடிட் (சரக்கு அனுப்பும் முன் வாங்கும் ஏற்றுமதிக் கடன்) புதுப்பிக்கும் நேரத்தில் வரி பாக்கி நோட்டீஸ் ஒன்று கிடப்பதை அவர்கள் விரும்பவும் இல்லை.

“சொந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டு அதற்கே வரியும் கட்டுகிறோமே” என்று அண்ணன் வருந்தினார். பிறகு, “அடுத்த ஆண்டே கழித்துக்கொள்ளலாம், தம்பி. நிம்மதி முக்கியம்” என்று முடிவைச் சொன்னார். அதையே நான் சரியான முடிவு என்று நினைக்கிறேன். தொகை பெரிதாகவும், கம்பெனி நஷ்டத்தை நோக்கிப் போவதாகவும் இருந்திருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்போம். முடிவுக்கு ஏற்ப மற்ற தாள்களும் ஒத்துப்போக வேண்டும். ஆகவே வெளிநாட்டவரிடம் பிடித்த வரிக்கான காலாண்டு அறிக்கையான ஃபாரம் 27க்யூ-வில் இந்த வரியை 2024-25இன் இரண்டாம் காலாண்டில், செப்டம்பரில் பிடித்ததாகவே காட்டினோம். ஆடிட் அறிக்கையான 3சிடி-யின் 21ஆம் கூறில் மறுக்கப்பட்ட தொகையாகவும் காட்டினோம். ஒரு தாளில் ஒரு தேதி, இன்னொன்றில் வேறு தேதி என்று இருந்தால்தான் கேள்வி எழும்.

இதே பில்லுக்கு ஜிஎஸ்டியும் விட்டுப்போயிருந்தது. வெளிநாட்டிலிருந்து சேவை வாங்கினால் வாங்குபவரே ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 18 சதவீதம் கட்ட வேண்டும். சுமார் 98,000 ரூபாயும், ஓராண்டு வட்டியாகச் சுமார் 17,600 ரூபாயும் ரொக்கமாகக் கட்டினார்கள். சுய விலைப்பட்டியல் (வாங்குபவரே போடும் பில்) போட்ட ஆண்டை வைத்தே உள்ளீட்டு வரவுக்கான (கட்டிய ஜிஎஸ்டியை ஈடுசெய்துகொள்வதற்கான) காலக்கெடு எண்ணப்படும் என்று 2024 ஜூனில் சுற்றறிக்கை வந்திருந்ததால் 98,000 ரூபாய் வரவாகத் திரும்பக் கிடைத்தது. வட்டி போனது போனதுதான்.

இத்தாலிய ஏஜென்டின் கமிஷன்

தோல் தொழிலில் இருப்பவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். உண்மையில் இதில் நிலைமை தெளிவு. வெளிநாட்டில் இருந்துகொண்டு, அங்கேயே ஆர்டர் பிடித்துத் தரும் ஏஜென்டின் கமிஷன் இந்தியாவில் ஈட்டிய வருமானம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1980இலேயே சொல்லியிருக்கிறது. இதை ஆதரித்த பழைய சுற்றறிக்கைகளை 2009இல் வரி வாரியம் திரும்பப் பெற்றது. அதன்பின் வழக்குகள் பெருகின. ஆனால் தீர்ப்புகள் மாறவில்லை. வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் எல்லாப் பணத்துக்கும் டிடிஎஸ் கிடையாது, வரிக்கு உட்பட்ட தொகைக்கு மட்டும்தான் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதே தோல் ஏற்றுமதித் துறையின் வழக்கொன்றில் 2016இல் சென்னை உயர் நீதிமன்றமும் ஏற்றுமதியாளர் பக்கமே நின்றது. ‘டி’ பகுதி இங்கே சரியான பகுதிதான்.

எங்களுக்கு உறுத்தியது பில்லில் இருந்த சொற்கள். ‘கமிஷன் மற்றும் சேவைகள்’ என்று எழுதியிருந்தார்கள். என்ன சேவைகள்? தரப் பரிசோதனையும் சந்தை ஆய்வும் செய்து அதற்குத் தனியாகக் காசு வாங்கினால் அது தொழில்நுட்பச் சேவைக் கட்டணமாக மாறிவிடலாம். இத்தாலியுடனான ஒப்பந்தத்தில் அதற்கு 20 சதவீதம் வரை வரி உண்டு. ஓராண்டு மின்னஞ்சல்களைப் படித்தோம். ஆர்டர், மாதிரிப் பை, பணம் வசூல் தவிர வேறு பேச்சே இல்லை. ஒவ்வொரு பில்லும் ஏற்றுமதி மதிப்பின் நிலையான சதவீதமாகவே இருந்தது. அந்த ஒப்பீட்டை அட்டவணையாக்கிப் பைலில் வைத்தோம். இந்தியாவில் தனக்கு அலுவலகமோ ஆட்களோ இல்லை என்று ஏஜென்டிடம் எழுத்தில் வாங்கினோம். இனிவரும் பில்களில் நடப்பதை மட்டும் எழுதும்படி கேட்டுக்கொண்டோம்.

மார்ச் பாக்கி இன்னொரு விஷயம். வாங்குபவரிடமிருந்து பணம் வந்ததும் கமிஷன் சேரும் என்பது ஒப்பந்தம். அந்தக் கணக்கில் 5,000 யூரோ கமிஷன் பிப்ரவரி கடைசியிலேயே சேர்ந்துவிட்டது. பணம் கொடுத்தது ஜூனில். புத்தகத்தில் 2023-24க்கு அது வரவே இல்லை. 89.50 விகிதத்தில் 4,47,500 ரூபாயைச் செலவாக எழுதினோம். மார்ச் 31இல் 90.20 என்பதால் பாக்கி 4,51,000. 3,500 ரூபாய் நஷ்டம் இந்த ஆண்டு. ஜூனில் 89.40 விகிதத்தில் 4,47,000 கட்டியதால் 4,000 ரூபாய் லாபம் அடுத்த ஆண்டு. தம்பி கேட்டுவந்த கேள்விக்கு முழு விடை இதுதான். விகிதத்தால் நகர்ந்தது ஆயிரங்கள்; விட்டுப்போன பில்லால் நகர்ந்தது நாலரை லட்சம்.

கண்காட்சி, பயணம், மென்பொருள்

அரங்கு வாடகையில் பிரச்சினை இல்லை. கண்காட்சி நடந்த இடம் இத்தாலி. அமைப்பாளருக்கு இந்தியாவில் நிலையான தொழிலிடம் கிடையாது. வருமான வரிப் பிடித்தமும் இல்லை, ரிவர்ஸ் சார்ஜும் இல்லை.

பயணக் கணக்குதான் பேசத் தயக்கமாக இருந்த பகுதி. பிப்ரவரியில் ஃபாரெக்ஸ் கார்டில் 91 ரூபாய் விகிதத்தில் 6,000 யூரோ ஏற்றி, முழுவதையும் அன்றே பயணச் செலவு என்று எழுதியிருந்தார்கள். கார்டின் அறிக்கையை வரிவரியாகப் பார்த்தோம். செலவானது 5,200. மீதி 800 யூரோ ஏப்ரலில்தான் திரும்ப மாற்றப்பட்டது. ஆகவே மார்ச் 31இல் அது கம்பெனியின் சொத்து, செலவல்ல. செலவான 5,200இல் 1,400 யூரோ கண்காட்சி முடிந்தபின் குடும்பத்தோடு சுற்றிப்பார்த்ததற்கு. அண்ணன் அதை மறைக்கவில்லை. கேட்டதும், “அது என் சொந்தச் செலவு, என் கணக்கில் போடுங்கள்” என்றார்.

போடலாம், ஆனால் யோசித்துத்தான் போட வேண்டும். குடும்பக் கம்பெனி ஒன்று பெரும் பங்குதாரருக்குக் கொடுக்கும் கடன் பிரிவு 2(22)(இ)-இன்படி டிவிடெண்டாகக் கருதப்படலாம். நல்லவேளையாக அண்ணன் கம்பெனிக்குக் கொடுத்த கடன் வரவில் இருந்தது. 1,27,400 ரூபாயை அதிலிருந்து கழித்தோம்.

மென்பொருள் சந்தாவைத் தம்பி தன் சொந்தக் கிரெடிட் கார்டில் கட்டிவந்தார். பில்லும் அவர் பெயரில். மாறுதலின்றி எல்லாருக்கும் விற்கும் மென்பொருளுக்குக் கொடுக்கும் விலை உரிமத் தொகை ஆகாது என்ற 2021 மார்ச் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருப்பதால் டிடிஎஸ் எழவில்லை. ரிவர்ஸ் சார்ஜ் உண்டு, கட்டினோம். பில்லைக் கம்பெனி பெயருக்கும் ஜிஎஸ்டி எண்ணுக்கும் மாற்றச் சொன்னோம்.

தாக்கலும் அதன் பிறகும்

அந்த ஆண்டு ஆடிட் அறிக்கைக்கான நாள் செப்டம்பர் 30இலிருந்து அக்டோபர் 7ஆகவும், கம்பெனிகளின் ரிட்டர்னுக்கான நாள் அக்டோபர் 31இலிருந்து நவம்பர் 15ஆகவும் நீட்டிக்கப்பட்டன. நீட்டிப்பை நம்பி நாங்கள் வேலையைத் தள்ளவில்லை. அறிக்கை செப்டம்பர் கடைசி வாரத்தில் ஏறியது. கம்பெனிகளுக்கான ரிட்டர்ன் படிவமான ஐடிஆர்-6 அக்டோபரில், அண்ணனின் டிஜிட்டல் கையெழுத்தோடு.

கமிஷன் பாக்கியைச் சேர்த்ததால் வருமானம் குறைந்தது. வடிவமைப்புச் செலவையும் பயணப் பகுதியையும் விட்டதால் கூடியது. மொத்தத்தில் கம்பெனி முன்பு நினைத்திருந்ததைவிட ஏறக்குறைய முக்கால் லட்சம் ரூபாய் கூடுதலாக வரி கட்டியது. ரிட்டர்னைச் சரிபார்த்து வரித் துறை பிரிவு 143(1)-இன்கீழ் அனுப்பிய அறிவிப்பில் தொகை மாறவில்லை. அடுத்த ஆண்டு ரிட்டர்னில் 6,03,000 ரூபாய் கழிக்கப்பட்டது. ஜெர்மன் நிறுவனத்துக்கு, பிடித்த வரிக்கான சான்றிதழான ஃபாரம் 16ஏ அனுப்பப்பட்டது.

என்ன மாற்றப்பட்டது

மாற்றம் ரிட்டர்ன் நேரத்தில் அல்ல, பணம் அனுப்புவதற்கு முன்னால் வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். இப்போது கணக்கு அம்மையாரிடம் அரைப்பக்கத் தாள் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு பில் வந்ததும் அவர் அதை நிரப்புகிறார்: என்ன வேலை, எங்கே நடந்தது, யார் பெயரில் பில், வரியை யார் ஏற்பது, அந்த நாட்காட்டி ஆண்டின் வசிப்பிடச் சான்றிதழ் கையில் உள்ளதா. நிரம்பாத தாளுக்குப் பணம் போவதில்லை. முதல் சில மாதங்கள் தம்பிக்கு இது எரிச்சலாக இருந்தது. இப்போது அவரே பில் வருவதற்கு முன் தாளை அனுப்பச் சொல்கிறார்.

வடிவமைப்பு நிறுவனத்துடன் முறையான ஒப்பந்தம் எழுதப்பட்டது. புதிய பருவத்துக்கு, வரி அவர்கள் பங்கிலிருந்து கழியும். அதற்குக் கம்பெனி சான்றிதழ் தரும். ஜெர்மனியில் அவர்கள் அதை ஈடுசெய்துகொள்ளலாம் என்பது விதி. விலையை 200 யூரோ உயர்த்தித் தர ஜெர்மன் நிறுவனம் கேட்டது, கம்பெனி கொடுத்தது. அப்போதும் கம்பெனிக்கு லாபம்தான்.

‘வெளிநாட்டுச் செலவு’ என்ற தலைப்பு இப்போது கணக்கில் இல்லை. கமிஷன், கண்காட்சி, வடிவமைப்பு, பயணம், மென்பொருள் என்று தனித்தனியாக எழுதுகிறார்கள். கார்டில் இருக்கும் யூரோ ‘கையிருப்பு’ என்று தனியாக நிற்கிறது. மார்ச் கடைசி வாரத்தில் ஏஜென்டுக்கு மின்னஞ்சல் போகிறது: உங்களுக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதுங்கள்.

தீராமல் நிற்பது ஒன்றுதான். 2023இல் ஜெர்மனிக்குப் போன பணத்துக்குக் கொடுத்த 15சிஏ-வின் ‘டி’ பகுதி தவறான அறிவிப்பு. தாக்கல் செய்த ஏழு நாளுக்குப் பிறகு அதைத் திரும்பப் பெற வழியில்லை. ஐந்து லட்சத்தைத் தாண்டிய, வரிக்கு உட்பட்ட தொகை என்பதால் ‘சி’ பகுதியும் ஆடிட்டர் தரும் 15சிபி சான்றும் கொடுத்திருக்க வேண்டும். பிரிவு 271-I இதற்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடம் தருகிறது. இதை எழுதும்வரை அப்படி ஒரு நோட்டீஸ் வரவில்லை. வந்தால் கொடுக்க வேண்டிய பதிலும், கேட்கும் முன்பே வரியும் வட்டியும் கட்டியதற்கான சலான்களும் தனிப் பைலில் இருக்கின்றன. அந்தப் பைல் எங்கே இருக்கிறது என்று இயக்குநர்கள் இருவருக்கும் தெரியும்.